காவலாளி பார்க்காத முகம்

மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என்பது, நடக்காத குற்றத்துக்காக நிஜமாகவே ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ளும் வேலை.

நான் ஜொகூர் பாருவில் வக்கீல். வார விடுமுறையில் பொந்தியானுக்குக் காரை விரட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு இடைநிலைப்பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போட்டி தமிழில்தான் நடக்கும். எல்லா அணிக்கும் ஒரே கற்பனை வழக்கு. சாட்சியாக நடிக்கும் மாணவர், கையில் கொடுத்த வாக்குமூலத்துக்கு மேல் புதிதாக எதையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. இந்தச் சின்ன விதியைப் பெரியவர்கள் படுத்தும் பாடு, என்னைப் போல் பயிற்சியாளராக மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

அப்பாவின் நிபந்தனை

எங்கள் அணியில் அரசுத் தரப்பு வக்கீல் தர்ஷினி. ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். சட்டம் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. அப்பா சிங்கப்பூர் தொழிற்சாலைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போகிறவர். மகள் கணக்கியல் படிக்க வேண்டும் என்பது அவர் முடிவு. நான் வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தேன். மாநிலக் கோப்பையை ஜெயித்தால் சட்டம், இல்லாவிட்டால் கணக்கியல் என்ற அளவுக்குத்தான் இறங்கி வந்தார்.

சட்டத்தின் மேல் அப்படி என்ன கோபம் என்று கேட்டேன். எதிரில் உட்கார்ந்திருப்பவள் வக்கீல் என்ற தயக்கமே இல்லாமல் சொன்னார்: "வக்கீல்னா வாய் கூசாம பொய் சொல்லணும் மேடம். எம் புள்ளைக்கு அது வராது."

மூக்குக்கண்ணாடி

போட்டி நாள் காலையில், ஜொகூர் பாருவின் பெரிய பள்ளி ஒன்று ஆடிய சுற்றைப் பார்க்கப் போனோம். வழக்கு நடக்கும்போது பார்வையாளர் வரிசையிலிருந்து யாரும் பிள்ளைகளுக்குச் சைகை காட்டக் கூடாது. அந்தப் பள்ளியின் பயிற்சியாளர் முன்வரிசையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றும்போதெல்லாம், அவருடைய மாணவன் துள்ளி எழுந்து "ஆட்சேபிக்கிறேன்" என்றான். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டியதும் உட்கார்ந்துவிட்டான். எதை ஆட்சேபிக்கிறோம் என்றே சில சமயம் அவனுக்குத் தெரியவில்லை.

தேநீர் இடைவேளையில் கறிபாப் பலகாரமும் கையுமாக நின்றவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். மனிதர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "கண்ணு உறுத்துது மேடம். அதுக்குமா ரூல்ஸ் போட்டிருக்காங்க?"

நிலா வெளிச்சம்

இந்த வருட வழக்கு இதுதான்: மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலை தீப்பிடிக்கிறது. பின்வாசல் வழியாக ஒருவன் ஓடுவதைக் காவலாளி பார்க்கிறார். 'இருட்டு, முகம் தெரியவில்லை' என்பது அவர் வாக்குமூலம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி ஒருவன்தான் குற்றவாளிக் கூண்டில்.

அதே காலைச் சுற்றில், அந்தப் பள்ளியில் காவலாளியாக நடித்த மாணவன் சாட்சிக் கூண்டில் ஏறி, "பௌர்ணமி நிலா வெளிச்சத்தில் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இவன்தான்" என்று கை நீட்டினான். வழக்கிலேயே இல்லாத நிலா எங்கிருந்து முளைத்தது? எதிரணிப் பிள்ளைகள் வாக்குமூலத்தைக் காட்டி மறுத்தார்கள். அவர்கள் கேஸே கையை விட்டுப் போகிற பொய் அது. ஆனால் நீதிபதியாக உட்கார்ந்திருந்த மூத்த வக்கீல் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார். அந்தச் சுற்றின் சிறந்த சாட்சி பரிசும் அந்தப் பையனுக்கே. மேடையில் அவன் தோளைத் தட்டி, மைக்கில் சொன்னார்: "தம்பிக்கு நல்ல கற்பனை வளம்."

இதைக் கேட்டுக் கைதட்டியவர்களில், எங்கள் அணியில் காவலாளியாக நடிக்கும் பிரவீனும் இருந்தான்.

முகப்பு விளக்கு

இறுதிச் சுற்றில் அந்தப் பள்ளியும் நாங்களும், அதே நீதிபதி முன்னால். நாங்கள் அரசுத் தரப்பு. பிரவீன் கூண்டில் ஏறும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. "அந்தப் பக்கமாகப் போன மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கில் முகத்தைப் பார்த்தேன்" என்றான். சைகை காட்டக் கூடாதே என்று நான் கையைக் கட்டிக்கொண்டேன். எதிரணி வாயைத் திறக்கவில்லை. காலையில் நிலாவைக் கொண்டுவந்தவர்கள் விளக்கை எப்படி மறுப்பார்கள்?

கோப்பை கைக்கு எட்டிவிட்டது. தர்ஷினி முடிவுரைக்கு எழுந்தாள். பின்வரிசையில் அவள் அப்பா, அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவள் ஒரு முறை அவரைப் பார்த்தாள். பிறகு நீதிபதியிடம், "முகத்தைப் பார்த்ததாக எங்கள் சாட்சி சொன்னது அவர் வாக்குமூலத்தில் இல்லை. அதை நீதிமன்றம் ஏற்க வேண்டாம்" என்றாள்.

தோற்றோம். வெளியே வந்ததும் பிரவீன் அழாத குறையாகக் கத்தினான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் கோபமெல்லாம் அவனுக்குப் பாடம் நடத்திய பெரியவர்கள்மேல்தான். அவன் கேட்டதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்: "அவங்க சொன்னா கற்பனை வளம், நாம சொன்னா மட்டும் பொய்யா?"

கார் நிறுத்துமிடம்

நீதிபதி அதோடும் விடவில்லை. பரிசு கொடுத்து முடித்ததும் தர்ஷினியைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், "மனசு சுத்தம்மா உனக்கு. ஆனா வக்கீல் தொழிலுக்கு நீ சரிப்பட மாட்டே" என்றார். வக்கீலின் முதல் கடமை நீதிமன்றத்தை ஏமாற்றாமல் இருப்பது. இதைச் சட்டக் கல்லூரியில் அவரும் படித்தவர்தான், நானும் படித்தவள்தான். அவரிடம் போய் அதைச் சொல்லவும் சொன்னேன். கைப்பேசியைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

கார் நிறுத்துமிடத்தில் தர்ஷினி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "கணக்கியலுக்கே எழுதிப் போடுறேன்பா" என்றாள். அவர் மாட்டப் போன ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள் மேல் வைத்தார். பிறகு அவளிடம் இல்லை, என்னிடம் சொன்னார்: "அந்த சாரு, இவ வக்கீலுக்குச் சரிப்பட மாட்டான்னு சொன்னாருல்ல மேடம்? அதுக்காகவே இவ லா படிக்கட்டும்."

கோப்பை போனால் போகிறது, இப்படிச் 'சரிப்படாத' வக்கீல்கள் இன்னும் நாலு பேர் வந்தால் கோர்ட்டுக்குப் போகும் என் வார நாட்களிலாவது ரத்தக் கொதிப்பு கொஞ்சம் இறங்கும்.