லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்த மிஷின்

ஊரார் முன்னால் சர்வே மிஷினோடு கண்ணாமூச்சி ஆடிய சர்வேயர், செங்கல்பட்டு மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் தொப்பையும் நரையும் வந்த பிறகு.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். கடற்கரைப் பாதைக்குக் கல் பதிக்க வந்த கான்ட்ராக்டர், எந்தக் கடை வழியில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன், தானே திரும்பித் தூரம் அளக்கும் மிஷின். அதை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, உச்சியில் ப்ரிஸம் பொருத்திய கம்பை நான் தூக்கிக்கொண்டு நடந்தால், அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடியே தானாகத் திரும்பும். நான் இடதும் வலதுமாக ஓடிக் காட்டினேன்.

"இன்னாடா இது, சார் போற பக்கமெல்லாம் பாத்துகினே கீது!" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர்.

"வூட்ல பொண்டாட்டிகூட இப்பிடிப் பாத்ததில்ல அண்ணாத்த" என்றேன். குப்பமே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக மீன் வறுவல் விற்கும் அக்காவின் கடை. அதன் மூலையில் கம்பை ஊன்றியபோது, படகை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் குறுக்கே போனது. மிஷின் என்னைத் தொலைத்துவிட்டுத் தேடியது. பிறகு, கிடைத்துவிட்டது என்று 'பீப்' அடித்தது. ஆனால் அது நேராக என்னைப் பார்த்தால் அதன் முகத்தில் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் மாறி மாறி மின்ன வேண்டும். எனக்குச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. பழைய மிஷினுக்கு ப்ரிஸம் எது, பளபளக்கிற வேறு பொருள் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும். மறுபடி தேடவிட்டு அளந்திருக்கலாம். இவ்வளவு நேரம் பீற்றிக்கொண்டு, இப்போது எப்படிச் சொல்வது? கம்பில் மாட்டியிருந்த ரிமோட்டில் அளக்கும் பட்டனை அமுக்கினேன்.

கடை மூலை பாதைக்குள் நாலடி வந்திருப்பதாகக் காட்டியது.

அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்தார். "சார், நல்லா பாத்தியா?"

"அக்கா, நான் பொய் சொல்லுவேன். இது சொல்லாது."

அதற்கும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கான்ட்ராக்டரின் ஆட்கள் அன்று மத்தியானமே தகரத்தைப் பிரித்து, அடுப்பு மேடையை இடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் செங்கல்பட்டில், வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டேன். சதுரமான கடை, ஒரு காலை மட்டும் பாதைக்குள் நீட்டிப் படுத்திருந்தது. நீட்டிய இடத்தில் என்ன இருந்தது என்று யோசித்தேன். மூங்கில் கழியில் காயப்போட்ட லைஃப் ஜாக்கெட், அதன் பளபளக்கும் பட்டை. மிஷின் பார்த்தது அதைத்தான். கடை ஒரு விரல்கூட வெளியே வரவில்லை.

காலையில் முதல் வேலையாக கான்ட்ராக்டருக்கு போன் செய்து, அளவு தப்பு என்று சொன்னேன். திட்டிவிட்டு, மேடையைத் திரும்பக் கட்டித் தர ஒப்புக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. டூரிஸ்ட் கூட்டம் அடுத்த கடையில் மொய்த்துக்கொண்டிருந்தது. அக்கா உடைந்த மேடைமேல் உட்கார்ந்து, மசாலா தடவிய மீனுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

தப்பு நடந்துவிட்டது என்றேன். பழைய மிஷின், ஜாக்கெட், பட்டை என்று வளவளத்தேன்.

"அது வேற எங்கியோ பாக்குதுன்னு ஒனக்கு அப்பவே தெரியாதா?" என்றார்.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் வாயில் ஒரு ஜோக் தயாராக இருக்கும். அன்று வரவில்லை. "தெரியும்க்கா" என்றேன்.

அவர் ஈ ஓட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்ப மிஷின இன்னாத்துக்குயா இழுக்குற? நாலு பேரு சிரிச்சிகினு இருந்தாங்கன்னு நீதான் என் கடைய இடிச்சிகீற."