எனக்குக் கேட்காத நெஞ்சுச் சத்தம்

காட்டூர் கிளினிக்கில் எங்கள் கிழ நாய் மணியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் என் தங்கை, "அண்ணா, கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருக்கியா?" என்றாள். அவள் விலங்குகளுக்கான இதய நிபுணர். கால்நடைக் கல்லூரியில் பேராசிரியர். கூட வந்த மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையிலும் எனக்கு இதே உத்தரவுதான். பிண்ணாக்கும் சாணமும் மணக்கும் கொட்டகையில், எட்டு வயதில் பசுவின் முன்னங்காலுக்குப் பின்னால் காதை ஒட்டிக்கொண்டு நிற்பாள். அவளுக்காக அப்பா ரேடியோ செய்தியையே நிறுத்திவிடுவார். ஒருநாள், "துடிப்புக்கு நடுவுல உஸ்ஸுங்குதுப்பா" என்றாள். அப்பா என்னையும் கேட்கச் சொன்னார். எனக்குக் கேட்டது வயிறு உறுமும் சத்தம். அதுவும் என் வயிறு. "ஒண்ணுமில்லப்பா, இவ கதை விடறா" என்று தீர்ப்புச் சொன்னேன். அப்பா மாட்டு டாக்டரை அழைத்துவந்தார். அவர் வெகுநேரம் கேட்டுவிட்டு, "பாப்பா சொல்றது சரிதாங்க" என்றார். அவளைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிவருகிறேன்.

மணியின் நெஞ்சிலும் உஸ் சத்தம் கேட்பதாக மாணவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் தங்கை ஸ்டெதஸ்கோப்பை என்னிடம் நீட்டினாள்.

"எனக்குக் கேக்கல" என்றேன்.

"பாத்தீங்களா? இதைச் சொல்ல எங்க அண்ணனுக்கு நாப்பது வருஷம் ஆச்சு. நீங்க இன்னிக்கே பழகிக்குங்க."

ஒரு மாணவன் மெல்லக் கையைத் தூக்கினான். "எனக்கும் கேக்கல மேடம்."

அவன் என் முதல் சீடன்.

"மணிக்கு?" என்றேன்.

"மாத்திரையை விடாம குடு. இன்னும் ரெண்டு தீபாவளிக்காவது கட்டிலுக்கு அடியில ஒளிவான்."