அக்கா கழுவியெடுத்த படைக்குழு இசைத்தட்டுகள்

எங்கள் அக்கா சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பமொன்றின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அக்காவுக்குப் பதினேழு வயது. படிப்பை நிறுத்திவிட்டு, துறைமுகத்துக்கு அருகே சீருடை தைக்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவும் இளையவனான நானும் அந்தத் தையலில்தான் சாப்பிட்டோம்.

வெளிநாட்டுப் போர்க்கப்பலொன்றில் வந்த வாத்தியக்காரர் ஒருவரின் கிழிந்த சட்டையை அக்கா அவசரமாகத் தைத்துக் கொடுத்தார். அவர் நன்றியாகக் கொடுத்தது தமது படைக்குழுவின், அதாவது கடற்படை வாத்தியக் குழுவின், ஜாஸ் இசைத்தட்டு. இருபது பேர் சேர்ந்து ஊதும் இசை, அணிவகுப்புப் போல நேராகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று பேஸ் கிற்றாரும் டிரம்ஸும் குறுக்கே புகுந்து தோளைக் குலுக்க வைக்கும். அதற்கு ஃபங்க் என்று பெயர் என்பதை அக்கா பின்னர்தான் அறிந்தார். அந்தச் சில நிமிடங்களுக்காகவே படைக்குழு இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் மற்றவர்கள் சேலை கேட்டார்கள். அக்கா இசைத்தட்டுக் கேட்டார்.

யுத்த காலத்தில் அம்மா பயந்துபோனார். உறைகளில் எல்லாம் சீருடைக்காரரின் படங்கள்.

"உதுகளைக் கொளுத்திப் போடு பிள்ளை. ரெண்டு பக்கத்தாலையும் ஆபத்து."

"ஏலாதம்மா. இவங்கட கையில கிடக்கிறது துவக்கில்லை, ஊதுகுழல்."

அக்கா அவற்றை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி, தம்மோடு தைத்த தோழி பரீதா அவர்களின் குறிஞ்சாக்கேணி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பெட்டி அங்கே பல வருடங்கள் பத்திரமாக இருந்தது, சுனாமி வரும்வரை.

நாங்கள் போனபோது பரீதா அவர்கள் இடிந்த சுவரருகே நின்று அழுதார். "பெட்டிக்குள்ள எல்லாம் சேறு. காப்பாத்த ஏலாமப் போயிட்டு."

அக்கா அவரைக் கட்டிப்பிடித்தார். "நீங்கள் உயிரோட நிக்கிறீங்கள். தட்டுத்தானே, கழுவலாம்."

ஒவ்வொன்றாகக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தினார். பெரும்பாலானவை பாடின. ஆனால் உறைகள் கரைந்துவிட்டன, நடுவிலிருந்த பெயர்த்தாள்களும் உரிந்துவிட்டன. எது எந்தக் குழு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா காதால் கண்டுபிடிக்க முடிவெடுத்தார். வேலை முடிந்து வந்து கேட்பார், மறுபடி கேட்பார், நிச்சயமான பிறகே புது உறையில் எழுதுவார். இப்படியே வருடங்கள் சென்றன.

புற்றுநோய் என்று அறிந்த நாளில் ஏழு தட்டுகள் மிச்சமிருந்தன. சிகிச்சைக்குப் போய்வந்த களைப்பிலும் கதிரையை இசைப்பெட்டிக்கு அருகே இழுத்துப் போடச் சொன்னார். ஆறு முடிந்தன. ஏழாவது பிடிபடவேயில்லை.

"விடுங்கோ அக்கா," என்றேன்.

"ஆரெண்டு தெரியாட்டி என்ன? உள்ளுக்க என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும்தானே. பேனையைத் தா."

புது உறையில் எழுதினார்: 'பெயர் தெரியவில்லை. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. நடுவில் டிரம்ஸ் தனியே வரும். கட்டாயம் கேட்கவும்.'

ஐந்தாம் நாள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

நோயில் துணைநின்ற வைத்தியர்கள், தாதியர்கள், உணவு சமைத்துத் தந்த அயலவர்கள், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த சல்லி உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி இரு வாரமும் அக்காவின் கையைப் பிடித்தபடி இருந்த பரீதா அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. இசைத்தட்டுகள் எங்கள் உப்புவெளி வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. எவரும் வந்து கேட்கலாம். முதலில் அந்த ஏழாவதைப் போடுவேன்.