செல்வி விழுந்த இடம்

வேலை செய்யும் இடத்தில், வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு உண்டு. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெறும்வரை இந்த விதியை எத்தனையோ பேருக்கு விளக்கியவன் நான். செல்விக்கு அது கிடைக்காமல் செய்தவனும் நான்தான். பொய் சொல்ல வைத்தேன்...

பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் மனைவியைக் கவனித்துக்கொள்ள ஒரு நிறுவனம் அனுப்பிய பெண் செல்வி. பிள்ளைச்சாவடியிலிருந்து சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வருவாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு காலை, மனைவியைத் தூக்கும்போது வழுக்கியது. பிடியை விடாமல், அவளைத் தன்மேல் தாங்கியபடியே விழுந்தாள் செல்வி. முதுகெலும்பில் முறிவு.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என் மூளை நன்றாகவே வேலை செய்தது. என் வீட்டில் விழுந்தாள் என்றால் விசாரணை வரும். இழப்பீடு என் தலையில் விடியும்.

"காலையில கிளம்பறப்ப உன் வீட்லயே வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லும்மா. இல்லன்னா போலீஸ் அது இதுன்னு உன்னைத்தான் அலையவிடுவாங்க."

"நீங்க சொன்னா சரிதான் சார். அம்மாவுக்கு ஒண்ணும் ஆவலயே?"

நீங்கள் என் இடத்தில் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். அப்படிக் கேட்பதும் ஒரு தப்பித்தல்தான்.

மறுவாரம் நிறுவனத்திலிருந்து போன். "உங்க வீட்ல விழுந்திருந்தாக்கூடப் பரவால்ல சார். எங்க ஆளுங்க எல்லாருக்கும் பாலிசி எடுத்திருக்கோம். வேலை பாக்கற வீட்ல அடிபட்டாதான் அது செல்லும்."

என் கையிலிருந்து ஒன்றும் போயிருக்காது! எல்லா விதியும் தெரிந்தவன், இதை மட்டும் விசாரிக்கவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய் சொல்லச் சொன்னது யார் என்ற கேள்வி வருமே...

அதற்குப் பதிலாகச் செல்வியின் பெயரில் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மேல்முறையீடு எழுதினேன். நல்ல நடை. அவள் உழைப்பு, குடும்ப நிலை எல்லாம் அதில் இருந்தன. விழுந்த இடம் மட்டும் இல்லை. தள்ளுபடியாகும் என்று எழுதும்போதே தெரியும். இதைப்போல எத்தனையோ மனுக்களை நானே தள்ளியிருக்கிறேன்.

செல்வியால் இனி யாரையும் தூக்க முடியாது. அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். நடந்ததைப் பார்த்த இன்னொருத்தி என் மனைவி. அவளுக்குப் பேச்சு போய்விட்டது. என்னைப் பார்க்கிறாள்... அவ்வளவுதான்.

பதில் வந்ததும் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு வந்தாள் செல்வி. படித்துச் சொன்னேன். சொந்த வீட்டில் நேர்ந்த விபத்து, பாலிசியில் அடங்காது.

"நீங்க எழுதியே வரலன்னா, யார் எழுதியும் வராது. உடுங்க சார்" என்றாள். இடுப்பு பெல்ட்டைப் பிடித்தபடி, என் மனைவியைப் பார்க்க உள்ளே போனாள்.

அன்று மாசி மகத்துக்கு முந்தின நாள். விடிந்தால், பாவம் தொலைய ஊரே கடலில் முழுகும்.