மஞ்சள் வாய்க் கழுதை

வெளிநாட்டு மஞ்சள் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம். அப்பாவின் படகில் மீனோடு, அக்கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகளும் வந்தன. கடல் தண்ணீரில் நனைந்த மஞ்சளை அம்மா கிணற்று நீரில் அலசி, முற்றத்தில் பாய் விரித்துக் காயவைப்பார். பிறகு அரைத்துப் பைகளில் அடைப்பார். ‘வீட்டுத் தயாரிப்பு, தூய மஞ்சள்’ என்று ஒவ்வொரு பையிலும் எழுதியது நான். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். பஜார் கடைக்காரர் அதை முன்தட்டில் அடுக்குவார். கரையில் இருக்கும்வரை அது கள்ளச் சாமான். கடைக்குள் போனால் வெறும் சாமான். அப்பாவின் இளவயதில் உடுக்கும் சாரமும் குளிக்கும் சவர்க்காரமும் இப்படித்தான் வந்தனவாம்.

அந்த மாதம் எனக்கு அரசாங்க வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. எங்கள் கிராமத்து அலுவலரான விதானையாரின் நற்சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

அதே கிழமை கிணறு வற்றியது. அம்மா அலசாமலே காயவைத்தார். அப்படி அரைத்த முதல் பைகள் கடைக்கும் போயின. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போயிருந்தபோது, ஊரில் திரியும் கழுதைகள் உப்புக்காக வந்து பாய் முழுவதையும் நக்கிவிட்டன. மறுநாள் பஸ் நிலையத்தில் மஞ்சள் வாயோடு ஒரு கழுதை நின்றது. சனம் போனில் படம் எடுத்தது.

அன்றே நான் சான்றிதழுக்காக விதானையாரின் கந்தோருக்குப் போனேன். உட்காரக் கதிரையைக் காட்டினார்.

“பிள்ளை, அந்தக் கழுதைக்கு ஆர் மஞ்சள் பூசினது? கலியாணமோ?”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

“தெரியாது, ஐயா.”

“உங்கட ஒழுங்கைக்குள்ள இருந்துதான் வந்ததெண்டு சொல்லுறாங்கள்.”

எனக்குப் பயம் வரவில்லை. படிவத்தின் மேல் அசையாமல் நின்ற அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைந்தது. கையொப்பம் வைத்தார், முத்திரை குத்தினார்.

தாளை நீட்டும்போது குரலைத் தாழ்த்தினார். “கொம்மாட்டச் சொல்லு, வடிவாக் கழுவச் சொல்லி. கடையில வாங்கின பை ஒரே உப்பு. மனுசி கறியை ஊத்திப்போட்டா.”

‘சட்டத்தை மதித்து நடக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர்’ என்று தாளில் இருந்தது. எழுத்துகள் சரிந்து கிடந்தன. நான் எழுதியிருந்தால் நேராக இருந்திருக்கும்.

பஸ் நிலையத்தில் கழுதை இன்னும் நின்றது. கடந்து போனேன்.

“தந்தவரோ?” என்றார் அம்மா.

“ஓம்.”

தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, புதிய பைகளுக்கு எழுத உட்கார்ந்தேன். இம்முறை ஒரு வரி கூட்டினேன்: ‘நன்றாகக் கழுவப்பட்டது.’