மாமா காட்டின ரெண்டு விரல்

இதை எழுதாமலே விட்டிருப்பன். குனிய நிமிர விடாத நாரி நோவுக்குக் காலமை டொக்டரிட்டப் போட்டு வந்து குப்புறக் கிடக்கிறன். போனைத் தவிர வேற ஒண்டும் கைக்கு எட்டேல்லை. அதால எழுதுறன்.

டென்மார்க்கில, ரண்டர்ஸில நான் ஐஞ்சாம் வகுப்பு படிக்கேக்க (படிச்சனான் எண்டால் ரீச்சர் சிரிப்பா) மாமா எங்களோட இருந்தவர். இஞ்ச வரமுதல் கனகாலம் மலேசியாவில ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில நிண்டவர். அந்த மலாயை விடேல்லை. கொஞ்சம் எண்டால் 'சிக்கிட்'. அதுக்குள்ளயும் அளவு இருக்காம். ரெண்டு விரலால கிள்ளினால் 'செச்சுபிட்', உப்புக்கு. விரல்நுனி எல்லாம் சேர்த்து எடுத்தால் 'செஜெம்புட்', தூளுக்கு. கை பொத்தி அள்ளினால் 'செகெங்கம்'. அம்மா சமைக்கேக்க பக்கத்தில நிண்டு இதைத்தான் ஓதுவார். சோறு போடவோ எண்டாலும் சிக்கிட்தான், மூண்டுதரம் சிக்கிட் வாங்குவார். நான் வைச்ச பேர் சிக்கிட் மாமா.

அவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில வேலை. பெட்டி தூக்கித் தூக்கி நாரி போட்டுது. அம்மாதான் சப்பாத்துப் போட்டு விடுறவ. வேலை போனால் நிரந்தர விசாவும் கிடைக்காது எண்டு ரெண்டுபேரும் குசினியில கதைச்சது எனக்கும் கேட்டது. கடைசியா அம்மா சண்டை பிடிச்சு டொக்டரிட்ட அனுப்பினா. டெனிஷ் கதைக்க நான். பள்ளிக்கூடம் இல்லை, எனக்குப் பெருநாள்.

பத்துக்கு எத்தினை நோ எண்டு டொக்டர் கேட்டார். மாமா ரெண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"செச்சுபிட் எண்டு சொல்லடா."

நான் ரெண்டு எண்டு சொன்னன். டொக்டர் மாத்திரை எழுதித் தந்து, வேலைக்குப் போகலாம் எண்டார்.

மேசைக்குக் கீழ மாமாவின்ர மற்றக் கை என்ர கையைப் பொத்திப் பிடிச்சிருந்தது. எலும்பு நொந்தது. ஆள் டொக்டருக்குப் பயந்திட்டார் எண்டு நினைச்சு, பஸ்ஸில வீடு வருமட்டும் நக்கலடிச்சன். மாமாவும் சிரிச்சவர். சீற் எல்லாம் காலி, ஆனா அவர் கம்பியைப் பிடிச்சு நிண்டுகொண்டுதான் வந்தவர். விரலில காட்டினது ஒரு அளவு, கையில பிடிச்சது வேற அளவு எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

இவ்வளவையும், என்னோட வெயார்ஹவுசில பெட்டி தூக்கிற கூட்டாளிக்கு அனுப்பினன். உடன பதில் வந்தது.

"அதை விடு மச்சான், இண்டைக்கு நீ எத்தினை எண்டு சொன்னனி?"