அரபிக்கடலில் குடவாசல் வயல்

குடவாசல் பக்கத்து நெல்வயல்களைக் கொண்டுபோய் அரபிக்கடலில், லட்சத்தீவுக்குப் பக்கத்தில் போட்டவன் நான். பூகோளம் பற்றி மேடையில் பேசக் கூப்பிட்டால் கூசாமல் போய்விடக்கூடிய ஆள் வேறு. அன்று நான் செய்ததெல்லாம், திரையில் எழுந்த ஒரு சின்னப் பெட்டியைப் படிக்காமல் ‘சரி’ என்று அமுக்கியதுதான். இன்றும் அந்தப் பெட்டி எழுந்தால் எங்கள் மேடம் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கிறது.

தஞ்சாவூரில் நாங்கள் வேலை பார்த்த வரைபட அலுவலகத்துக்கு அவர்தான் தலைவி. நீடாமங்கலத்துக்காரர். யார் வந்தாலும் “எந்த ஊரு?” என்பார், அடுத்து, “ஆத்துக்கு வடகரையா, தென்கரையா?” கூரியர்காரருக்கும் இதே விசாரணை, பென்டிரைவில் வந்து இறங்கும் படத்துக்கும் இதே. “எந்த ஊருன்னு கேட்டுட்டு உள்ள விடுங்க” என்பார். கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற பெரியம்மா மாதிரி என்று டீக்கடையில் அவர் குரலிலேயே நடித்துக் காட்டி நான் நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

ஆற்றில் தண்ணீர் திறக்குமுன் எந்தெந்த வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று வரைபடத்தில் குறித்துத் தருவது அப்போது எங்கள் வேலை. குடவாசலுக்குக் கிழக்கே ஒரு கடைமடை வாய்க்கால், மண்மேடிட்டு நாணல் மண்டி அடைத்துக் கிடந்தது. ட்ரோனில் எடுத்த அதன் படம் வந்திருந்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில் அந்த அடைப்பு வரைபடத்தில் தெரிந்தால் இந்த வருடம் தூர்வாருவார்கள். தெரியாவிட்டால் அந்த ஊருக்குத் தண்ணீர் இல்லை. அவ்வூர்ப் பாசனதாரர் சங்கத் தலைவர், தம் வாய்க்காலைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்று என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

படத்தைத் திறந்தேன். பெட்டி எழுந்தது. அமுக்கினேன். குடவாசல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. படம் எங்கே என்று மென்பொருளிடம் கேட்டால், அது என்னைக் கடலுக்குக் கூட்டிப்போய், நீலத்துக்கு நடுவில் பச்சையாக ஒரு துண்டைக் காட்டியது. தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எட்டிப் பார்த்தார்.

ட்ரோன்காரருக்கு போன் போட்டுக் கத்தினேன். திரும்பப் பறக்கவிட இரண்டு நாளாகும் என்றார். அவ்வளவுதான், போச்சு என்று முடிவுகட்டி, படத்தைக் கையாலேயே இழுத்துக் கரை சேர்க்கும் முயற்சியில் இறங்கினேன். அப்போதுதான் மேடம் வந்தார்.

“அத எதுக்கு இழுக்கறீங்க? அது எங்கயும் போகல. எந்த ஊருன்னு அது கேட்டுச்சே, என்ன சொன்னீங்க?”

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பூமியை நெடுக்குவாட்டில் பட்டை பட்டையாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர் நாற்பத்துமூன்றில், நாங்கள் நாற்பத்துநான்கில். ஒரு பட்டையில் ஓர் இடத்தைக் குறிக்கும் அதே அளவுகள் அடுத்த பட்டையில் வேறோர் இடத்தைக் குறிக்கும். எந்தப் பட்டை என்ற குறிப்பு மட்டும் அந்தப் படத்தில் விட்டுப்போயிருந்தது. முந்தின மாதம் முழுக்க நாங்கள் கோயம்புத்தூர் வேலை பார்த்திருந்ததால், மென்பொருள் அந்த எண்ணையே முன்னால் நீட்டியிருக்கிறது, நானும் தலையாட்டியிருக்கிறேன். மேடம் மூன்றை நான்காக மாற்றினார். படம் துள்ளிவந்து குடவாசலில் உட்கார்ந்தது. அவர் அதையும் நம்பாமல், தலைவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து மதகு எது, பாலம் எது என்று கேட்டுச் சரிபார்த்தார். எல்லாம் பழைய வரைபடக் கோட்டின்மேல் பொருந்தின. நாணல் அடைப்பு பளிச்சென்று தெரிந்தது. 

அந்த வருடம் தூர்வாரினார்கள். கடைமடைக்கும் நாள் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் போயிற்று. மேடம் ஓய்வுபெற்றுச் சென்னைக்குப் போய்விட்டார். அங்கே லிப்டில் ஏறுகிறவர்களை வடகரையா தென்கரையா என்று கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். நேற்றுக்கூட அந்தப் பெட்டி எழுந்தது. மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு, “எந்த ஊரு?” என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

போன மாதம் குடவாசல் பஸ் ஸ்டாண்டில் சங்கத் தலைவரைப் பார்த்தேன். பழைய கதையைப் பெருமையாக எடுத்து, கடலில் விழுந்த வயலை மீட்டோமே, நினைவிருக்கிறதா என்றேன்.

“அவசரப்பட்டுட்டீங்க சார்” என்றார். “அங்கயே விட்டிருந்தா முறை வைக்காம தண்ணி கெடைச்சிருக்கும்.”